வினைமுற்றுக்கு இரண்டாம் இடம்: ஸ்வீடிஷ் சொல்வரிசையோடு ஒன்பது மாதம்

பின்னணி

முப்பதைக் கடந்த பெண்மணி ஒருவர். தஞ்சைப் பக்கம் பிறந்தவர், வணிகவியல் பட்டதாரி, திருமணமாகிக் கோத்தன்பர்க் வந்து ஆறாண்டு ஆகியிருந்தது. ஸ்வீடனில் குடியேறுபவர்களுக்கு நகராட்சிகள் கட்டணமின்றி நடத்தும் எஸ்எஃப்ஐ மொழிவகுப்பில் ஏ முதல் டி வரை நான்கு படிகள் உண்டு. டி முடித்தவர் கடையிலும் பஸ்ஸிலும் வேலையிடத்திலும் ஸ்வீடிஷ் பேசிச் சமாளித்துவிடுவார் என்பது கணக்கு. இவர் டி முடித்து, முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்து, மாலையில் அடுத்த நிலை வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். துணைச் செவிலியர் ஆக வேண்டும் என்பது அவர் இலக்கு. 2023 ஜூலை முதல் அந்தப் பதவிப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உரிய சான்று இல்லாமல் புதிதாக யாரும் அதைத் தம் பெயரோடு போட்டுக்கொள்ள முடியாது.

நான் இங்குள்ள பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி ஆசிரியை. வாரம் ஒரு மாலை, ஸ்வீடிஷ் பேசிப் பழக நூலகத்தில் நடக்கும் மொழி கஃபேயில் தன்னார்வலராக உட்காருவேன். செப்டம்பர் மாதம் ஒரு நாள் அவர் அங்கு வந்து, காப்பியைத் தொடாமல் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இரவுப் பணி முடிந்து அவர் எழுதிய குறிப்பின் முன்வரைவு அது. கணினியில் ஏற்றும் முன் சக ஊழியரிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அம்புக்குறி போட்டுச் சொற்களை இடம் மாற்றியிருந்தார்.

"அக்கா, நான் எழுதியது அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகு ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்டார். கோபத்தை விட அவமானம் அதிகம் தெரிந்த குரல். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஸ்வீடிஷ் சொல்வரிசைப் பிழைகளில் பெரும்பாலானவை பொருளைக் கெடுப்பதில்லை. கேட்பவர் காதில் ஒரு சிறு கல் மாதிரி நெருடும், அவ்வளவுதான். ஆனால் அந்த நெருடலுக்குப் பிறகுதான் எதிராளி சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறுகிறார், அல்லது குழந்தையிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசத் தொடங்குகிறார். இவருக்கு இரண்டும் நடந்திருந்தது.

முதலில் கவனித்தது

முதியோர் இல்லத்துக் குறிப்புகள் வெளியே வரக்கூடாதவை. அதனால் அதே வாக்கியங்களைத் தம் பாட்டியைப் பற்றியவைபோல் மாற்றி எழுதித் தரச் சொன்னேன். வட்டமிடப்பட்ட வாக்கியம் இப்படி இருந்தது:

"இ நட் ஹூன் ஸோவ் இன்ட்டெ, எஃப்டெர்ஸொம் ஹூன் ஃபிக் இன்ட்டெ ஸின் மெடிஸீன்."

இரவு அவர் தூங்கவில்லை, ஏனெனில் அவருக்கு மருந்து கிடைக்கவில்லை என்பது பொருள். ஸ்வீடிஷ் வரிசையிலேயே தமிழ்ச் சொற்களை அடுக்கிக் காட்டினால், அவர் எழுதியது: இரவு – அவர் – தூங்கினார் – இல்லை, ஏனெனில் – அவர் – பெற்றார் – இல்லை – தன் மருந்தை. எழுதியிருக்க வேண்டியது: இரவு – தூங்கினார் – அவர் – இல்லை, ஏனெனில் – அவர் – இல்லை – பெற்றார் – தன் மருந்தை.

ஒரே வாக்கியத்தில் இரண்டு விதிகள் அடிபட்டிருக்கின்றன. முதல் பாதி முதன்மை வாக்கியம். அதில் வினைமுற்று இரண்டாவதாக நிற்க வேண்டும். முதலில் எது வேண்டுமானாலும் வரலாம்: எழுவாய், காலம், இடம், ஒரு முழுச் சார்பு வாக்கியம்கூட. எழுவாய் முதலில் வரவில்லை என்றால் அது வினைமுற்றுக்குப் பின்னால் போய்விடும். இரண்டாம் பாதி சார்பு வாக்கியம்; அங்கே 'இன்ட்டெ' என்ற இல்லை, வினைமுற்றுக்கு முன்னால் வர வேண்டும்.

இரண்டு விதிகளும் அவருக்கு மனப்பாடம். கேட்டவுடன் ஒப்பித்தார். இரண்டாவது விதியை இங்கே 'பிஃப்' என்பார்கள். 'சார்பு வாக்கியத்தில் இன்ட்டெ வினைமுற்றுக்கு முன் வரும்' என்ற ஸ்வீடிஷ் வாக்கியத்தின் முக்கியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த நினைவுச்சொல் அது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் அந்த வாக்கியத்தை ஸ்வீடிஷில் எழுதினால், 'சார்பு வாக்கியத்தில் வினைமுற்றுக்கு முன் வராது' என்றும் படிக்கலாம். அவர் பல வாரம் அப்படித்தான் படித்திருக்கிறார். விதியைச் சொல்லும் வாக்கியமே மாணவரைக் கவிழ்ப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மூன்று வாரம் நான் எதையும் திருத்தவில்லை. அவர் எழுதியதையும் பேசியதையும் குறித்துக்கொண்டு வந்தேன். அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. 'நூ' (இப்போது), 'ஸென்' (பிறகு), 'இதாக்' (இன்று) போன்ற குட்டிச் சொற்களில் தொடங்கிய வாக்கியங்களில் வினைமுற்று பெரும்பாலும் சரியாக இரண்டாமிடத்தில் இருந்தது. முதலில் வரும் தொடர் நீளமாக நீளமாகப் பிழை கூடியது. முதலில் ஒரு சார்பு வாக்கியமே வந்துவிட்டால் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் தவறினார்: "நேர் யாக் கொம் டில் யொப்பெட் இ மொர்ஸெ, ஹூன் ஓட் ஃப்ரூகொஸ்ட்." காலையில் நான் வேலைக்கு வந்தபோது, அவர் சாப்பிட்டார் காலை உணவை. கமாவுக்குப் பிறகு 'ஓட் ஹூன்' என்று வந்திருக்க வேண்டும்.

பிழையின் வேர்

வகுப்பில் இவருக்குச் சொல்லித்தந்தது, 'காலச் சொல்லில் தொடங்கினால் எழுவாயையும் வினையையும் இடம் மாற்று' என்று. அதோடு பத்துப் பன்னிரண்டு காலச் சொற்களின் பட்டியல். பட்டியலில் இருந்த சொல் வந்தால் கை தானாக மாற்றியது. பட்டியலில் இல்லாதது வந்தால் மாற்றவில்லை. அவர் பழகியது ஒரு மாற்றல் வேலையை. வினைமுற்றுக்கு என்று நிலையான ஓரிடம் இருக்கிறது என்ற எண்ணமே அவரிடம் உருவாகவில்லை.

இன்னொரு காரணம் தமிழ். தமிழில் காரணமும் காலமும் நிபந்தனையும் முன்னால் வந்து, முடிவு கடைசியில் வரும். 'மழை பெய்ததால் நேற்று கடைக்குப் போகவில்லை' என்பதுதான் நம் இயல்பான ஓட்டம். இவர் ஸ்வீடிஷிலும் அப்படியே காரணத்தையும் காலத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தார். எழுவாயில் தொடங்கும் வாக்கியங்கள் அவர் தாள்களில் குறைவு. பிழை வரக்கூடிய அமைப்பையே அவர் விரும்பி, அடிக்கடி பயன்படுத்தினார் என்று சொல்லலாம். கமாவுக்குப் பின் 'அவர் சாப்பிட்டார்' என்று எழுவாயை முன்னால் வைக்கும் பழக்கமோ கல்லூரி ஆங்கிலத்தின் உபயம். இடப்பக்கம் நீளும் வாக்கியம் தமிழிலிருந்து, அதற்குப் பின் எழுவாய்–வினை வரிசை ஆங்கிலத்திலிருந்து. இரண்டு மொழிகள் கூட்டுச்சேர்ந்து செய்த பிழை இது.

'இல்லை'யின் கதை வேறு. தமிழ்ச் சார்பு வாக்கியத்தில் தனியாக நிற்கும் 'இல்லை'யே அரிது. 'கிடைக்காததால்', 'தூங்காத' என்று எதிர்மறை வினைக்குள்ளேயே கரைந்துவிடும். முழு வாக்கியம் அப்படியே உள்ளே போவது 'என்று' வரும்போதுதான். 'குளிக்க மாட்டேன் என்றார்' என்பதில் 'குளிக்க மாட்டேன்' தனியாக நின்றாலும் அதே வடிவம். ஸ்வீடிஷில் 'என்று' என்பதற்கு நிகரான 'அட்' வந்தால் உள்ளே வரிசை மாறும். அது மாறும் என்று எதிர்பார்க்க நம் மொழி நமக்கு எந்தக் காரணமும் தருவதில்லை.

முதல் முடிவும் அதன் காரணமும்

இரண்டு பிழைகளில் எதை முதலில் எடுப்பது? அவர் இரண்டையும் சேர்த்தே முடிக்க விரும்பினார்; வகுப்பில் பிஃப் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் வினைமுற்றின் இரண்டாமிடத்தை மட்டும் எடுத்தேன். மொழியியலாளர்கள் மான்ஃப்ரெட் பீனமனும் கீசெலா ஹோக்கன்ஸொனும் 1999இல் ஸ்வீடிஷ் கற்பவர்களைப் பற்றி எழுதிய கற்றல் வரிசையில், முதன்மை வாக்கியத்தில் எழுவாய் பின்னுக்குப் போவது நான்காம் படி, சார்பு வாக்கியத்தில் 'இன்ட்டெ' முன்னுக்கு வருவது ஐந்தாம் படி. முந்தைய படி கைவராமல் அடுத்தது பேச்சில் நிலைக்காது என்பது அவர்கள் கொள்கை. அது முற்றிலும் சரியா என்று வாதிடுகிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் வரிசை ஒத்துப்போயிருக்கிறது, அதனால் நம்பினேன்.

சக தன்னார்வலர் ஒருவர் இதைவிட எளிய வழி சொன்னார்: எல்லா வாக்கியத்தையும் எழுவாயில் தொடங்கச் சொல்லிவிடுங்கள், பிழையே வராது. நான் ஏற்கவில்லை. 'அவர் எழுந்தார். அவர் சாப்பிட்டார். அவர் படுத்தார்' என்று போகும் குறிப்பு இலக்கணச் சுத்தமாக இருக்கும், ஆனால் இரண்டாம் வகுப்புக் கட்டுரைபோல் இருக்கும். பணிக்குறிப்பில் நேரம்தான் முதலில் வர வேண்டியது.

டேனிஷ் மொழியியலாளர் பால் டீடெரிக்சென் 1946இல் தந்த வாக்கியக் கட்டத்தை ஸ்வீடிஷ் வகுப்பறைகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் வினைமுற்றுக்கு முன்னால் உள்ள ஒற்றை இடத்துக்கு 'ஃபுண்டமெண்ட்' என்று பெயர். அந்தக் கட்டத்தை இவர் ஏற்கனவே பார்த்திருந்தார். ஏழெட்டுப் பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், தலைசுற்றல். நான் முதல் இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சிவப்புக் காந்தம். அதன் கீழ் வினைமுற்றுச் சீட்டு, அது அசையாது. அதற்கு இடப்பக்கம் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் இடம். 'இதாக்' என்ற ஒரு சொல்லும் ஒரு சீட்டு. 'நான் காலையில் வேலைக்கு வந்தபோது' என்ற நீண்ட தொடரும் ஒரே சீட்டு. சோளப்பொரி அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த நீளத் தொடரை ஒரு முழ அட்டையில் எழுதி ஒட்டினோம். அட்டை கதவை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விஷயம் இறங்கியதாக எனக்குத் தோன்றியது. இடத்தை எண்ணும்போது சொற்களை எண்ணக்கூடாது, அட்டைகளை எண்ண வேண்டும்.

'வினை இரண்டாவது' என்று சொல்லாமல் 'வினைமுற்று இரண்டாவது' என்று சொன்னதும் உதவியது. 'சாப்பிட்டு இருக்கிறார்' என்பதில் சாப்பிட்டு எச்சம், இருக்கிறார் முற்று என்பது பள்ளியில் படித்த எந்தத் தமிழருக்கும் தெரியும். 'ஹார் ஏட்டிட்' என்பதும் அதே ஜோடிதான். 'ஹார்' காந்தத்தின் கீழ், 'ஏட்டிட்' பின்னால். ஸ்வீடிஷ் ஆசிரியர் இரண்டு வகுப்பு செலவழித்த இடம், நமக்குப் பத்து நிமிடத்தில் முடிந்தது. நன்னூல் படித்த பயன் ஃப்ரிட்ஜ் கதவில் கிடைத்தது.

பேச்சுக்கு வேறொரு ஊன்றுகோல் கொடுத்தேன். ஸ்வீடிஷ்காரர்கள் பேசும்போது நீண்ட முன்தொடருக்குப் பிறகு 'ஸோ' என்று ஒரு சொல்லைப் போட்டு, உடனே வினைமுற்றைச் சொல்வார்கள்: "நேர் யாக் கொம் ஹெம் ஸோ ஓட் யாக்" (நான் வீட்டுக்கு வந்தபோது, ஸோ, சாப்பிட்டேன் நான்). எழுத்தில் அதிகம் வந்தால் ஆசிரியர்கள் அடித்துத் திருத்துவார்கள், பேச்சில் சகஜம். 'ஸோ' என்று சொன்னால் அடுத்தது வினைதான் என்று பழகச் சொன்னேன். மூச்சு வாங்க ஒரு கணமும் கிடைக்கிறது.

சறுக்கல்

நவம்பர் முடிவில் முதன்மை வாக்கியங்கள் கணிசமாகச் சீரடைந்தன. கூடவே முன்பு இல்லாத பிழை ஒன்று முளைத்தது. "நேர் கொம் யாக் டில் யொப்பெட், ஓட் ஹூன் ஃப்ரூகொஸ்ட்." சார்பு வாக்கியத்துக்குள்ளேயும் வினைமுற்றை இழுத்து முன்னால் போட்டுவிட்டார். இப்படி எழுதினால் முதல் பாதி 'நான் எப்போது வேலைக்கு வந்தேன்?' என்ற கேள்வியாகிவிடும். பழைய பிழை நெருடலோடு போயிற்று. இது பொருளையே மாற்றியது. பிஃப் தேர்விலும் மதிப்பெண் குறைந்தது. அவர் என்னிடம் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் வரவில்லை.

தவறு என்னுடையது. நீண்ட அட்டையைக் கதவில் ஒட்டியபோது அது ஒரே சீட்டு என்று சொன்னேனே தவிர, அந்தச் சீட்டுக்கு உள்ளே இன்னொரு வினைமுற்று இருக்கிறது, அதற்குக் காந்தம் கிடையாது என்று சொல்லவில்லை. கமாவுக்கு முன் ஒரு முற்று, பின் ஒரு முற்று. தமிழில் 'வந்தபோது' என்று எச்சமாக முடிந்துவிடும் இடம் அது. ஸ்வீடிஷில் அங்கே முழு முற்று உட்கார்ந்திருக்கிறது. காந்தத்தைப் பார்க்கப் பழகிய கண் எல்லா முற்றையும் அதன் கீழ் கொண்டுபோய் வைத்தது.

அதே வாரங்களில் 'கன்ஷே' வேறு வந்து குழப்பியது. 'ஒருவேளை' என்று பொருள்படும் இந்தச் சொல்லில் தொடங்கி, "கன்ஷே ஸோவெர் ஹூன்" (ஒருவேளை – தூங்குகிறார் – அவர்) என்றும் சொல்லலாம், "கன்ஷே ஹூன் ஸோவெர்" என்றும் சொல்லலாம். "ஹூன் கன்ஷே ஸோவெர்" என்பதும் சரி. இரண்டாமிட விதியை மீற அதற்குத் தனிச் சலுகை. 'நடக்கக்கூடும்' என்ற பொருளுள்ள 'கன் ஷே' என்ற வினைத்தொடர் ஒட்டிப் பிறந்த சொல் அது; அதன் வயிற்றுக்குள் பழைய வினைமுற்று ஒன்று இருக்கிறது. சக ஊழியர் 'கன்ஷே ஹூன் ஸோவெர்' என்று சொல்லக் கேட்டு, நான் சொல்லித்தந்த விதியே பொய் என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

இரண்டாம் முடிவு

ஜனவரியில் திரும்பி வந்தார். இந்த முறை சார்பு வாக்கியத்தைத் தனியாக எடுத்தோம். சார்பு வாக்கியத்துக்கு வெள்ளை அட்டை, கதவில் ஒட்டாமல் மேசைமேல். இணைப்புச் சொல், எழுவாய், இன்ட்டெ, வினைமுற்று: இந்த நான்கும் அதே வரிசையில், இடமாற்றமே இல்லாமல். முடித்த பிறகுதான் மொத்த அட்டையையும் தூக்கிக் கதவின் இடப்பக்கம் வைக்கலாம். மேசை ஒரு வேலை, கதவு ஒரு வேலை. சார்பு வாக்கியத்துக்குள் வினைமுற்று முன்னால் பாய்வது ஒரு மாதத்தில் அடங்கியது.

இங்கே அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். 'ஏனெனில்' என்பதற்கு ஸ்வீடிஷில் 'எஃப்டெர்ஸொம்' இருப்பதுபோல் 'ஃபோர்' என்ற சொல்லும் உண்டு. 'ஃபோர்'க்குப் பின் முதன்மை வாக்கிய வரிசை, இன்ட்டெ வினைக்குப் பின்னால். பிஃப் தேவையே இல்லை. பிப்ரவரி முழுக்க அவர் தாள்களில் 'எஃப்டெர்ஸொம்' காணாமல் போய் எங்கும் 'ஃபோர்'. நான் கண்டும் காணாமல் விட்டேன். பணிக்குறிப்பில் அது முற்றிலும் சரியான ஸ்வீடிஷ். இரவு மூன்று மணிக்குக் களைத்துப்போய் எழுதுபவருக்கு ஒரு பாதுகாப்பான வழி இருக்கட்டும் என்று நினைத்தேன். வகுப்புக் கட்டுரைக்கு மட்டும் தடை போட்டேன்.

'அட்' வந்த இடத்தில்தான் உண்மையான வாக்குவாதம். 'குளிக்க விருப்பமில்லை என்று சொன்னார்' என்பதற்கு அவர் சக ஊழியர்கள் பேச்சில், "ஹூன் ஸா அட் ஹூன் வில் இன்ட்டெ டுஷா" என்கிறார்கள். பிஃப் விதிப்படி 'இன்ட்டெ வில்' என்று வர வேண்டும். பிறந்ததிலிருந்து ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் மீறலாம், நான் மீறினால் சிவப்பு மையா என்று கேட்டார். 'சொன்னார்', 'நினைக்கிறேன்' போன்ற வினைகளுக்குப் பின் பேச்சில் முதன்மை வரிசை வருவது ஸ்வீடிஷில் இயல்புதான். எழுத்தில் பிஃப்பையே எதிர்பார்ப்பார்கள். அவர்கள் இரண்டையும் அறிந்து ஒன்றைத் தேர்கிறார்கள் என்றேன். அவர் திருப்தியடையவில்லை. அவர் வேலையிடத்தில் இருபது வயது இளைஞன் ஒருவன், புறநகரில் வளர்ந்தவன், பேச்சில் 'இகோர் யாக் வார்' (நேற்று – நான் – இருந்தேன்) என்று வினைமுற்றை மூன்றாமிடத்தில் வைத்தே பேசுவான். பல மொழிக்காரர்கள் கலந்து வாழும் புறநகர்களில் இளைஞர் பேச்சின் அடையாளங்களில் ஒன்று அது. 1980களிலேயே உல்லா-பிரிட் கொட்சீனாஸ் என்ற மொழியறிஞர் ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி பகுதியில் இப்படிப்பட்ட பேச்சை ஆராய்ந்திருக்கிறார். அந்த இளைஞன் எழுதும் குறிப்பில் ஒரு பிழையும் இராது என்பதை அவரே பிறகு கவனித்துச் சொன்னார். விவாதம் அதோடு ஓய்ந்தது.

விளைவு

மே மாதம் வகுப்பின் எழுத்துத் தேர்வில் தேறினார். ஆசிரியரின் குறிப்பில் சொல்வரிசை பற்றி ஒன்றும் இல்லை. ஒருமை–பன்மைச் சுட்டு ஈறுகளைப் பற்றித்தான் இருந்தது. சக ஊழியரின் சிவப்பு வட்டங்கள் மார்ச்சிலேயே நின்றுவிட்டன. எழுத்தில் சார்பு வாக்கியம் முன்னால் வந்தாலும் பெரும்பாலும் சரியாக எழுதுகிறார்.

பேச்சு அவ்வளவு தேறவில்லை. பணி மாறும் நேரத்து ரிப்போர்ட்டில், ஐந்தாறு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, 'இ நட் ஹூன் ஸோவ்' திரும்ப வந்துவிடுகிறது. இரவில் செவிலியரைத் தொலைபேசியில் அழைக்கும்போதும் அப்படியே. இப்போது அவருக்கே அது காதில் விழுகிறது. பாதியில் நிறுத்தித் திருத்திச் சொல்கிறார். அந்த நிறுத்தம் எதிர்முனையில் உள்ளவரைப் பொறுமையிழக்கச் செய்கிறது என்று அவர் வருந்துகிறார்.

மறுபடி செய்வதானால்

சார்பு வாக்கியத்தின் உள்வரிசையை முதல் நாளே காட்டிவிடுவேன். பிஃப் என்ற பெயரில்லாமல், இன்ட்டெ இல்லாமல், 'இணைப்புச் சொல், எழுவாய், வினைமுற்று' என்ற அளவில். கதவையும் மேசையையும் ஒன்றாகத் தொடங்கியிருந்தால் நவம்பர் சறுக்கல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். படிகள் பற்றிய கொள்கையை நம்பியது தவறில்லை. எதைப் பழகுவது என்பதற்கான வரிசையை, எதைக் காட்டுவது என்பதற்கான வரிசையாகவும் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

அட்டைகளோடு அவ்வளவு நேரம் செலவிட்டிருக்கவும் மாட்டேன். பாதி நேரத்தை ரிப்போர்ட் ஒத்திகைக்குக் கொடுத்திருக்க வேண்டும்: நின்றுகொண்டு, நிமிடக் கணக்கு வைத்து, அதே பத்து வாக்கியங்களைத் திரும்பத் திரும்ப. நான் முதலில் ஒதுக்கிய அந்தத் தன்னார்வலரின் யோசனைக்கும் அங்கே இடமிருந்தது. தொலைபேசி அழைப்புக்கு மட்டும் எழுவாயில் தொடங்கச் சொல்லியிருக்கலாம்.

ஜூனில் அவர் கொண்டுவந்த புதிய வாக்கியம் 'சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை'. ஸ்வீடிஷில் 'எங்கே – இருக்கிறது – சாவி' என்று எழுதியிருந்தார். 'எங்கே – சாவி – இருக்கிறது' என்று வர வேண்டும். மறுபடியும் 'என்று' செய்த வேலை. காந்தத்தின் கீழ் இப்போது அவர் மகன் வரைந்த யானை தொங்குகிறது. அதை எடுக்க வேண்டாம் என்றேன். வெள்ளை அட்டையை மேசைமேல் வைத்தோம்.